சேரும்னு சொன்னவன் பின்னால உக்காரணும்

செங்கோட்டையில் பழக்கூடை இறக்கிக்கொண்டிருந்தேன். தென்காசி பஸ் கண்டக்டர் படியில் நின்றபடியே, "ஒங்க மச்சான் சுடலைமுத்து போயிட்டாராம்" என்றார்.

"யாரு அடிச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"யாரும் அடிக்கல அண்ணாச்சி. காய்ச்சலாம்."

கட்டிலில் படுத்துச் சாகிற ஆளா அவன்?

என் பெண்டாட்டிக்கு அண்ணன். எனக்கு ஒத்த வயசு, அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் அவன் சைக்கிள் கடையில் ரிப்பேருக்கு வண்டி கொடுத்தவர்களுக்கு அவன் வழக்கம் தெரியும். ரிப்பேர் பார்த்த வண்டியை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் தரமாட்டான். வேறு கம்பெனிச் சாமானை மாட்டச் சொன்னால், சேரும் என்று சொன்னவன் பின்னால் கேரியரில் உட்கார வேண்டும். மாட்டேன் என்றால் அங்கேயே அறை. உட்கார்ந்து அலறினால் இறங்கியதும் அறை. சீசனுக்குக் குற்றாலம் வந்த மாப்பிள்ளை ஒருத்தர் ஐந்தருவி ரோட்டில் அவன் பின்னால் உட்கார்ந்து, அருவிக்குப் போகாமலே நனைந்து திரும்பினார்.

எழுபதுகளில் நான் ஆரியங்காவிலிருந்து அன்னாசி ஏற்றிக்கொண்டு சைக்கிளில் மலை இறங்குவேன். ஒருநாள் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆறுமுகம் அண்ணாச்சி வேறு ஒன்றைத் தந்து, "எல்லா வண்டிக்கும் சேரும்" என்றார். மச்சான் மாட்டிப் பார்த்தான். நட்டு பாதியில் சிக்கி நின்றது. "மரை பிடிக்கல" என்று அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கே போனான். நானும் போனேன்.

"சுத்தியல வச்சு ரெண்டு போடுலே, உக்காந்துரும்" என்றார் அண்ணாச்சி.

மச்சான் ரெண்டு போட்டான். சுத்தியலால் இல்லை, கையால். போட்டது அண்ணாச்சி கன்னத்தில். "நாளைக்கு இதுல எந்தங்கச்சி புருசன் மூட்டையோட மலையெறங்கணும் அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க பின்னால உக்காருங்க." அடிக்கும்போதும் மரியாதை குறையாது அவனுக்கு.

கடைமுன் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி ரோஷக்காரர். வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஏறுதேம்லே. ஒண்ணும் ஆகலன்னா ஒங்கடைக்குத் தீ வைப்பேன்" என்றார்.

லாரியில் போட்டு வண்டியைப் புளியறை மலைக்குக் கொண்டுபோனோம். அவர்கள் மேலே ஏறினார்கள், நான் கீழே வளைவில் நின்றேன். காற்றாய் வந்தார்கள். வளைவுக்கு முன்னாலேயே நட்டு தெறித்தது, உள்ளே இருந்த பால்ஸ் குண்டெல்லாம் பொரி மாதிரி சிதறியது, முன்சக்கரம் மடங்கிப் பாறையில் மோதியது. மச்சானுக்கு முன்பல் போச்சு. அண்ணாச்சிக்கு வலதுகை ஒடிந்து தொங்கியது.

தூக்கிவிட ஓடினேன். அதற்குள் அண்ணாச்சி நல்ல கையால் கல்லெடுத்து மச்சான் மண்டையைப் பிளந்துவிட்டார். மச்சான் வண்டியிலிருந்த காற்றடிக்கும் பம்பை உருவி வீசினான். அண்ணாச்சி குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"சேரலதாம்லே" என்றார் அண்ணாச்சி.

"அதத்தான் கடையில சொன்னேன்" என்றான் மச்சான், பல்லில்லாத வாயால்.

"கடையில எங்க சொன்ன? அடிக்கத்தான செஞ்ச."

அதன்பிறகு மச்சான் பார்க்காமல் அண்ணாச்சி எந்த ஃபோர்க்கையும் விற்றதில்லை. ரெண்டு பேரும் அடித்துக்கொள்வதையும் நிறுத்தவில்லை. அடக்கத்தன்று அந்தக் கோணல் கையோடு வந்து தெருவில் உட்கார்ந்து, "இனி என்னைய எவம்லே அடிப்பான்" என்று கதறினார்.

எனக்கு மிச்சம் இந்த இடது காது. அன்று பம்பு பட்டதிலிருந்து கேட்காது. என் பெண்டாட்டி அந்தப் பக்கம்தான் படுப்பாள். அவள் திட்டுவதெல்லாம் வீணாய்ப் போகுது என்று மச்சானிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவனும் பொக்கைவாய் தெரியச் சிரிப்பான்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் விடிந்து எழுந்தேன். அவள் தலையணை நனைந்து கிடந்தது. பக்கத்திலேதான் படுத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, மச்சான்.