எங்கள் வீட்டைக் கடைசியாக வைத்தேன்

அந்தத் தை மாதம் எங்கள் தெருப் பையன்களைப் போலீஸ் அறுப்புக் களத்திலிருந்தே வேனில் ஏற்றிக்கொண்டு போனது. பாபநாசத்துக்குத் தெற்கே கோயில் நிலம். குத்தகை யாருக்கு என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. நட்ட எங்கள் தெருக்காரர்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் தாங்களே அறுத்தார்கள்; அதைத் திருட்டு என்றார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகனும் நெற்கட்டுத் தூக்கப் போய் மாட்டிக்கொண்டான். நிலம் உழைப்பவனுக்கே என்று எங்கள் தெருவில் மேடை போட்டுப் பேசிய இரண்டு கட்சிக்காரர்களும் ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பையன்களைத் திருச்சி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாசியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. நான் பள்ளி ஆசிரியை. எனக்கு எங்கள் தெருவையே கொடுத்தார்கள். ஜெயிலில் இருப்பவர்களை அங்கேயே எண்ணிவிடுவார்கள், வீட்டில் எழுதக் கூடாது என்று பயிற்சியில் அதிகாரி சொன்னார். கணக்கு முடிவதற்குள் வீடு திரும்பினால் மட்டும் வீட்டில் சேர்க்கலாம்.

"எண்ணுறதுக்கு ஜெயில்ல இருக்கவன்தான் சார் வசதி, எங்கயும் ஓட மாட்டான்" என்றார் பின்வரிசையில் ஒரு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குத் தனி வார்டு கேட்டுப் பல வருஷமாக மனு கொடுத்துவந்தோம். மேலத்தெருவோடு சேர்ந்திருக்கும்வரை எங்கள் ஆள் ஒருவர் பஞ்சாயத்தில் உட்கார முடியாது. தலை குறைகிறது என்பதே எப்போதும் பதில். இந்தக் கணக்கை வைத்துத்தான் வார்டு பிரிப்பார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அதைத்தான் வீடு வீடாகக் கேட்டுப் போனேன். எதிர்வீட்டு அக்காவின் மகனும் ஜெயிலில்தான் இருந்தான். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பானையைத் திறந்து காட்டினாள். தண்ணீர் ஊற்றிய சோறு கிடந்தது.

"அவனுக்கும் சேத்துதான் தங்கச்சி தெனமும் ஒல வைக்கிறேன். மிஞ்சுனத விடிஞ்சதும் நானே தின்னுக்கிறேன். அப்ப அவன் இந்த அடுப்புதானே?"

நான் விதியைச் சொன்னேன்.

"ஜெயிலு சோறு தின்னா அந்த ஊருக்காரனா ஆயிடுவானா? அங்க ஓட்டாவது உண்டா அவனுக்கு?"

ஜெயிலில் இருக்கும்வரை எங்குமே இல்லை என்றேன்.

"பின்ன எதுக்கு அங்க எண்ணுறாங்க?" பானையை மூடிவிட்டு, "ஒம் புள்ளைய எழுதாமயா வுடப்போற?" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கும்பகோணம் கோர்ட்டில் ஜாமீன் மனு இருந்தது. கிடைத்துவிட்டால் அவனை நியாயமாகவே எழுதலாம். போன வீட்டுக்கே மறுபடி போய் வயது சரிதானா என்று கேட்டேன். மனு விசாரணைக்கு வந்தபோது வாய்தா போட்டார்கள். அதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

கடைசி நாள் சாயங்காலம் எங்கள் வீட்டை எழுதினேன். நான், கணவர், மகள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ எடம் இருக்கே" என்று மட்டும் சொன்னார். பொய் எழுதி நான் மாட்டிக்கொண்டால் அது அவன் ஜாமீனில் போய் இடிக்கும் என்று பயந்தேன். வேறு எதையும் நினைக்க அப்போது எனக்குத் தெம்பில்லை.

அடுத்த முறை ஜெயிலில் பார்த்தபோது மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என்னையும் எண்ணிட்டாங்கம்மா. இந்த ஊரு எம்.எல்.ஏ.வுக்கு நானும் ஒரு ஜனம். அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது." கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நம் வீட்டில் எழுதினாயா என்று கேட்டான். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு, தங்கை பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று விசாரித்தான்.

சித்திரையில் ஜாமீன் கிடைத்தது. பையன்கள் வந்து இறங்கிய சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா தன் மகனைக் கையைப் பிடித்து எங்கள் வாசலுக்கு இழுத்துவந்தாள்.

"இந்தா வந்துட்டான். இப்ப எழுது."

கணக்கை அப்போதே ஒப்படைத்துவிட்டேன், இனி பத்து வருஷம் ஆகும் என்றேன்.

"அதுவரைக்கும் இவனுங்க அந்த ஊருலயேதான் இருக்கானுங்களா?" என்று கேட்டாள்.

பிறகு வார்டு பிரித்தபோது எங்கள் தெருவை நீளவாக்கில் இரண்டாக்கி, ஒரு சாரி வீடுகளை மேலத்தெருவோடும் மறு சாரியைக் கடைத்தெருவோடும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பையன்களைச் சேர்த்திருந்தால் தலை போதுமானதாக இருந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒரு வார்டு, நான் ஒரு வார்டு. பையன்கள் மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. மகன் வரத் தாமதமானால் வாசலில் வந்து நிற்கிறேன். எதிர் வாசலில் அவளும் நிற்கிறாள்.