கறையைச் சுற்றி நீல நூல்

சலவைக்கடை அக்காவுக்கு ஊரெல்லாம் தம்பிகள். தலை நரைத்த பெரிய மனிதர்கூட சட்டையைக் கவுண்டர் மேஜையில் போட்டுவிட்டு, "அக்கா, நாளைக்குக் கண்டிப்பா வேணும்" என்பார். கூடப் பிறந்த தம்பி என்று இருந்தது ஒருவன்தான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அம்மா இறந்த அன்று அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஊரார் போனுக்கெல்லாம் உயிர் கொடுப்பவன், அன்றைக்குப் பார்த்து அவனுடைய போன் அணைந்து கிடந்தது. வாசலில் கால் வைத்தவனை அக்கா சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் வாயில் வந்துவிடும் வார்த்தைதான். வேறு யாராவது என்றால் நாலு நாள் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றிருப்பார்கள். இவன் சின்ன வயதிலிருந்தே அக்கா சொல்லைத் தட்டாதவன். இதையும் தட்டவில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அவனே கூப்பிடட்டும். நான் என்ன, வெத்தலை பாக்கு வெச்சா அழைக்கணும்?" என்று கணவரிடம் சொல்வாள். ஆனால் போன் அடித்தால் போதும், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். யாராவது வாடிக்கையாளர், துணி ஆச்சா என்று கேட்பார். முகம் சுண்டிப்போகும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் கூப்பிட்டுவிட்டால் போதும் என்றுதான் அவள் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கொடுத்துவிட்டுப் போன ஒரே பொருள் அந்த வலைப்பூ. கறை எடுப்பதில் அக்கா கெட்டிக்காரி. வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் துருவுக்கு இது, மைக்கு இது என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பாள். "ஏங்கா ஒவ்வொருத்தருக்கா கத்துறே? எழுதிப் போட்டுடு, உலகமே படிக்கட்டும்" என்று தம்பிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிளாக் ஆரம்பித்துக் கொடுத்தான். 'கறை போக' என்று பெயரும் வைத்தான். உலகம் படித்ததோ இல்லையோ, பின்னூட்டம் போட ஒரு கூட்டம் வந்தது. பாதி மனிதர்கள். மீதி ஸ்பேம் என்கிற விளம்பரக் குப்பை.

காலையில் இஸ்திரிக்கு நீராவி ஏறுகிறவரை அவளுக்கு வேலை இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து குப்பை பொறுக்குவாள். துருக்கறை பற்றிய பதிவின் கீழே, 'உங்கள் எழுத்து நெஞ்சைத் தொட்டது, எனது தளத்திற்கும் வருகை தாருங்கள்' என்று ஒருவர் உருகியிருப்பார். வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய் விற்பார் இன்னொருவர். முன்பின் தெரியாத அழகிகள் கல்யாணத்துக்குக் கேட்பார்கள்.

"அந்தப் பொண்ணுக்கு நான் வேணும்னா பதில் போடட்டுமா?" என்பார் கணவர், கஞ்சிச் சட்டையை உதறிக்கொண்டே.

"போடுங்க. இஸ்திரி போடத் தெரியுமான்னு முதல்ல கேட்டுக்குங்க, எனக்கும் ஒரு ஆள் மிச்சம்" என்பாள் இவள்.

எது மனிதன், எது குப்பை என்று கண்டுபிடிக்கவும் தம்பிதான் சொல்லிக் கொடுத்திருந்தான். "அக்கா, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினா அது மனுஷன் இல்ல, மிஷின். பாவம் பார்க்காதே. ஸ்பேம்னு அமுக்கு. ரெண்டு மூணு தடவை அமுக்கினா அந்த ஆளை அதுவே அடையாளம் வெச்சுக்கும், அப்புறம் உன் கண்ணுலயே காட்டாது." அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தம்பி சொன்னது அவளுக்கு வேதவாக்கு, பேசாத தம்பி என்றாலும்.

'ஒரு வாசகர்' என்ற பெயரில் ஒருவர் வர ஆரம்பித்தது அம்மாவுக்கு முதல் வருஷ திதி முடிந்த சமயத்தில். முதலில் சட்டைப்பையில் மை கசிந்துவிட்டது என்று கேட்டார். இவள் வழி சொன்னாள். பிறகு கிரீஸ், பிறகு துரு. 'மிக்க நன்றி. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?' என்று ஒருமுறை எழுதியிருந்தார். 'நலம். மை போச்சா?' என்று பதில் போட்டாள் இவள்.

அந்த வாசகர் யாரென்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அக்காவுக்குத் தெரியவில்லை. தம்பி போனில் எழுதினால் பாதி எழுத்தை விழுங்கிவிடுவான். இது ஏதோ அரசாங்கக் கடிதம் மாதிரி இலக்கணசுத்தமாக இருந்தது. அதுவும் போக, ரோஷக்காரன், எழுதவா போகிறான் என்று அவளே முடிவுகட்டி வைத்திருந்தாள். மூஞ்சியில்தானே முழிக்கக் கூடாது, இங்கே மூஞ்சி எங்கே இருக்கிறது என்று அவன் நினைத்திருப்பான் போல.

இந்தக் கோடையில் அந்த வாசகர் தலையணை உறையில் ரத்தக்கறை என்று கேட்டார். அக்கா விரிவாகவே எழுதினாள். சுடுதண்ணீர் பக்கமே போகக் கூடாது, கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர், உப்பு, பின்பக்கமாக அலசல். அதற்கெல்லாம் முன்னால் அவளுக்கே உரிய ஒரு வேலை உண்டு. துணி நனைந்துவிட்டால் கறை எங்கே இருந்தது என்று தெரியாது. அதனால் காய்ந்த துணியிலேயே கறையைச் சுற்றி நீல நூலால் ஒரு ஓட்டத்தையல் போட்டுவிடுவாள். துவைத்து, காயவைத்து, வட்டத்துக்குள் சுத்தமாக இருக்கிறது என்று அவள் கண்ணால் பார்த்த பிறகுதான் நூலைப் பிரிக்க வேண்டும். கடையில் யாருக்கும் அந்த நூலில் கைவைக்க உரிமை கிடையாது. தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில், "அக்கா, சீக்கிரம் பாரேன், நேரமாச்சு" என்று நூல் வட்டத்தோடு சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

சில நாள் கழித்து அவரே மறுபடி எழுதினார். தலையணை உறை. ரத்தக்கறை. என்ன செய்யலாம்? மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள் என்றாள். அடுத்த வாரம் மறுபடி அதே கேள்வி, வார்த்தை மாறாமல்.

"உன் ரசிகருக்கு வேற கறையே கிடைக்கலையா?" என்றார் கணவர்.

"ரசிகரும் இல்ல ஒண்ணும் இல்ல. இது மிஷின்" என்றாள். பாவம் பார்க்காமல் அமுக்கினாள். இரண்டாவது முறையும் அமுக்கினாள். மூன்றாவதற்குப் பிறகு அந்த வாசகர் அவள் கண்ணில் படவே இல்லை. தொல்லை விட்டது என்று டீயைக் குடித்தாள்.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஓட்டுகிற ஒருவர் தலையணை உறையைச் சலவைக்குப் போட்டபோது, அதில் சின்னதாக ரத்தம் பார்த்துவிட்டு, "தம்பி, இதை என்கிட்ட காட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டு" என்று திட்டி அனுப்பியவள் இதே அக்காதான். துணி கையில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். திரையில் வந்தது வெறும் எழுத்து. கறையை எப்படி எடுப்பது என்று சொன்னாளே தவிர, யாருக்கு ரத்தம் வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

கடைசியில் போன் வந்தது. தம்பி குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்கார அம்மாள். "உங்க நம்பர் அவர் போன்ல அக்கான்னு இருந்துதுங்க" என்று ஆரம்பித்தபோதே அக்கா இஸ்திரியை அணைத்துவிட்டாள். நுரையீரல். மாதக்கணக்காக இருமியிருக்கிறான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இவர்கள் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவை தாமதமாக வந்தவள் அக்கா. அவளை வாசலில் நிறுத்திக் கேட்கத்தான் யாரும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து அறையைக் காலி செய்யப் போனார்கள். மேஜை முழுக்கத் திறந்து கிடந்த போன்கள், ஸ்குரூ டிரைவர்கள், ஒரு கட்டில். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஒரு தலையணை உறை காயப்போட்டிருந்தது. கணவர் அதை இழுத்து மூட்டைக்குள் திணிக்கப் போனார்.

"அதைத் தொடாதீங்க!"

வெள்ளை உறை. கறை என்று ஒரு பொட்டு இல்லை. ஆனால் உறை முழுக்க நீல நூல் வட்டங்கள். காசு அகலத்தில் சில, உள்ளங்கை அகலத்தில் சில. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓரம் வரைக்கும் போயிருந்தன. ஆண்பிள்ளைத் தையல், கோணல்மாணலாக இருந்தது. அக்கா ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இவன்தாங்க அந்த வாசகர்" என்றாள். "என் தம்பியைத்தாங்க நான் அமுக்கினேன்." கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கணவர் கையில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை, நீராவி ஏறுவதற்குள், அவள் ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். மாதம் ஒன்று ஆனால் அந்தப் பெட்டி தன்னைத்தானே காலி செய்துகொள்ளும். அவன் கேட்ட கேள்விகள் எல்லாம் போயிருந்தன. முடி எண்ணெய்க்கும் கல்யாண அழகிகளுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

'நீங்கள் சொன்னபடியே செய்தேன். கறை போய்விட்டது. நூலை இன்னும் பிரிக்கவில்லை. நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று தெரியும். இப்படிக்கு, ஒரு வாசகர்.'

'ஸ்பேம் இல்லை' என்ற பொத்தானை அமுக்கினாள். இனி இந்த வாசகரின் பின்னூட்டங்கள் தடையின்றி வெளியாகும் என்று திரையில் வந்தது. அதை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பக்கம் நீராவி சீறியது, கணவர் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார்.

அவன் எழுதியதற்குக் கீழே அக்கா பதில் எழுதினாள். 'பார்த்துட்டேன்டா தம்பி. கறை இல்ல. சுத்தமா இருக்கு.'

பிரிக்கலாம் என்று மட்டும் எழுதவில்லை. உறையை நாலாக மடித்து, சலவைத் துணிக்குக் குத்துகிற எண் எதுவும் குத்தாமல், கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற தன் அலமாரியில் வைத்தாள். நூல் அப்படியே இருக்கிறது.