ஊசி தேவைப்படாத கம்பெனி

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். கிணற்றில் இரண்டு வாளி இறைத்துக் குளித்துவிட்டு, முந்தின நாள் குறிப்பை எழுதி முடித்தேன். ஆறரைக்குச் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தேன். ஏழு மணிக்குக் காதர்பேட்டையில் எங்கள் பனியன் கம்பெனியின் ஆபீஸ் அறையைத் திறந்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, முருகன் படத்துக்குப் பூ வைத்தேன். மேனேஜர் என்ற பெயரில் நான் அங்கே செய்த வேலைகளில் இந்த மூன்றைப் பற்றி மட்டும்தான் அதுவரை யாரும் எங்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்து எங்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆலோசனைகளால் விளைந்த பயன் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது இந்த அதிகாரியின் வேலை. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் எங்களுக்கு ஊசி இறக்குமதி செய்ய அனுமதி கிடைக்கும்.

ஊசி என்றால் தையல் ஊசி அல்ல. பனியன் துணி பின்னும் மெஷினில் வட்டமாகச் சுற்றி நிற்கும் ஊசி. நுனியில் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்க ஒரு சிறு நாக்கு. ஒரு மெஷினில் பல நூறு ஊசிகள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் துணியில் நெடுக ஒரு கோடு விழும். அன்னியச் செலாவணி இல்லை என்று இரண்டு வருடமாகப் புது ஊசி வரவில்லை. எங்களிடம் ஆறு மெஷின்கள் இருந்தன. மூன்றிலிருந்து ஊசிகளைப் பிடுங்கி மற்ற மூன்றில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். நின்றுபோன மெஷின்களின் ஆட்கள் ஆறு பேரை, வேலையை விட்டு அனுப்ப மனமில்லாமல், முதலாளி பொங்கலூரிலிருந்த தம் தோட்டத்துக்கு வெங்காயத்துக்குக் களையெடுக்க அனுப்பியிருந்தார். மாசியோடு வெங்காயமும் முடிந்துவிடும். அதற்குள் ஊசி வந்தால் அவர்கள் மெஷினுக்குத் திரும்பலாம். வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் யாராவது ஒருவர் வீடு தேடி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

"மேனேஜருங்க, நூலு முடிச்சுப் போடற கையிங்க இது. களைக்கொத்துப் புடிச்சுக் காச்சுப் போச்சுங்க. ஊசி எப்பத்தானுங்க வரும்?"

"அறிக்கை வந்தால் வரும்" என்பேன். அறிக்கை எந்த வண்டியில் வரும் என்று ஒருவர் கேட்டார்.

நிபுணர் வந்தது 1962 ஜூலையில். காலை பத்தே காலுக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போனார். நல்ல மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். வியர்வை சொட்டச் சொட்ட ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார். சொன்னது சரியாகவே இருந்தது. முதலாளி, கூட வந்திருந்த மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, இவிங்க ஊர்ல இந்த ஊசி கெடைக்குமுங்களா?"

நிபுணரின் முகம் மலர்ந்தது. ஊசி செய்யும் தொழிற்சாலையே தம் ஊரில்தான் இருக்கிறது என்றும், தம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அதன் புகைபோக்கி தெரியும் என்றும் சொன்னார்.

"அப்படீங்களா! அப்ப ஒரு பெட்டி தபால்ல போட்டுடச் சொல்லுங்களேன். என்ன வெலையோ குடுத்துப்போடலாமுங்க."

மொழிபெயர்ப்பாளர் சிறிது தயங்கித்தான் அதைச் சொன்னார். நிபுணர் உண்மையான வருத்தத்தோடு தலையை அசைத்தார். தாம் ஆலோசனை வழங்க மட்டுமே அனுப்பப்பட்டவர். பொருள் வழங்குவது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் நியமிக்கவில்லை.

அன்று அவர் அதிக நேரம் நின்றது, மெஷின் பழுது பார்க்கும் எங்கள் பிட்டரின் மேசையருகே. என் குறிப்பின்படி பன்னிரண்டு நிமிடம். பிட்டர் ஐம்பது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, வளைந்த ஊசிகளை ஓர் இரும்புத் துண்டின்மேல் வைத்துச் சிறு சுத்தியால் தட்டி நிமிர்த்துவார். நாக்குப் போன ஊசிக்கு, கொக்கி உடைந்த ஊசியின் நாக்கை எடுத்து வைப்பார். இப்படி நாளுக்கு நாற்பது ஐம்பது ஊசிகள் உயிர்பெறும். ஓடிய மூன்று மெஷினும் ஓடியது அந்த ஊசிகளால்தான். நிபுணர் ஒன்றை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு பிட்டரின் கையை இரு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். பிட்டர் அன்று சாயங்காலம்வரை அந்தக் கையால் யாரையும் தொடவில்லை.

நிபுணரின் அறிக்கை நவம்பரில் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. இருபத்திரண்டு ஆலோசனைகள். முதலாளியும் பிட்டரும் எதிரில் உட்கார, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தொழிலாளர்களுக்கு ஓய்வறை அமைக்க வேண்டும். நிற்கும் மெஷின்களைத் தூசு படாமல் துணி உறையிட்டு மூட வேண்டும். ஒரு மெஷினின் ஊசியை இன்னொன்றில் போடக் கூடாது. ஒன்பதாவது இப்படி இருந்தது: பழைய ஊசிகளைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும், அதற்கென உள்ள மேசையையும் ஆளையும் நீக்கிவிட்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை எல்லா ஊசிகளையும் புதிதாக மாற்ற வேண்டும்.

பிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னைய நீக்கோணும்னுங்களா எழுதிருக்காரு? அன்னைக்கு அந்தக் குலுக்கு குலுக்கினாரே!"

"போய்ட்டு வாப்பான்னு குலுக்கினதாட்ட இருக்குது" என்றார் முதலாளி.

அந்த வாரமே ஊசிக்கு விண்ணப்பித்தோம். ஆலோசனைகளை நிறைவேற்றிய நிறுவனங்களின் விண்ணப்பம் மட்டுமே பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. பழைய ஊசியை நிறுத்தினால்தான் புது ஊசி தருவார்கள். புது ஊசி வந்தால்தான் பழைய ஊசியை நிறுத்த முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று முதலாளி சொல்லி, பெருமூச்சு விட்டார்.

ஆகவே, நிறைவேற்றினோம். ஷெட்டின் தெற்குச் சுவரை ஒட்டித் தடுப்பு வைத்து ஓர் அறை கட்டி, 'ஓய்வறை' என்று பெயிண்டில் எழுதினோம். எங்கள் ஆட்கள் துணியின் எடைக்குக் கூலி வாங்குபவர்கள். ஓய்வெடுத்தால் கூலி இல்லை. அதனால் அந்த அறைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த இடம் வீணாக வேண்டாம் என்று பிட்டரின் மேசையை உள்ளே கொண்டுபோனோம். நின்ற மூன்று மெஷினுக்கும் காடாத் துணியில் உறை தைத்து மூடினோம். உள்ளே ஊசி இல்லை என்பது வெளியே தெரியாமல் போனது. மூன்றாவது வேலை என்னுடையது. ஊசிப் பதிவேட்டில் நான், பழைய இருப்பில் மிஞ்சிய சில ஊசிகளுக்குப் 'புதிதாகப் போட்டது', மற்றவற்றுக்குச் 'செப்பனிட்டுப் போட்டது' என்று இரண்டு பத்திகள் வைத்திருந்தேன். ஒன்பதாவது ஆலோசனைக்குப் பயந்து, ஜூலை முதல் ஏழு மாதப் பதிவையும் வேறொரு நோட்டில் திருத்தமாக எழுதினேன், இரண்டாம் பத்தியை விட்டுவிட்டு. பதினாறு வருட உத்தியோகத்தில் நான் மறைத்த ஒரே பத்தி அது.

அதிகாரி பதினொன்று பத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். சென்னைக்காரர். இளநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக வேலையைத் தொடங்கியபோதே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கையில் ஓர் அச்சடித்த படிவம். ஒவ்வோர் ஆலோசனைக்கும் எதிரே முழுமை, பகுதி, இல்லை என்று மூன்று கட்டங்கள்.

உறை போட்ட மெஷின்களைப் பார்த்து நின்றார். "பிரமாதம் சார். மூணு ஓடும்போது மூணுக்கு ரெஸ்ட். சுழற்சி முறையில பராமரிப்பு."

"ஊசி இல்லீங்க, அதனாலதானுங்க..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"மாத்தறதுக்காக எடுத்திருக்கீங்க. அப்படித்தான் செய்யணும்" என்று சொல்லி, முழுமை என்ற கட்டத்தில் குறியிட்டார். வந்த விருந்தாளியை மறுத்துப் பேசி முதலாளிக்குப் பழக்கமில்லை.

அடுத்து ஓய்வறை. அவர் வருவதற்குள் மேசையை அப்புறப்படுத்த முடியாததால், பிட்டரை அதன்மேலேயே படுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். "பகல்ல படுத்துப் பழக்கமில்லீங்களே" என்று காலையிலேயே அழாக்குறையாகச் சொன்னார். "கண்ண மூடிட்டு முருகன நெனைச்சுக்கப்பா, மத்தத அதிகாரி பாத்துக்குவாரு" என்று முதலாளி தைரியம் சொல்லியிருந்தார். கதவைத் திறந்தபோது பிட்டர் விறைத்துப்போய் மல்லாந்து கிடந்தார். கண்ணாடியைக் கழற்ற மறந்திருந்தார். ஊசித் தட்டு, விரித்திருந்த துண்டுக்கு அடியில், அவர் முதுகுக்குக் கீழே இருந்தது. முகத்தில் தெரிந்த வேதனையை அதிகாரி ஆழ்ந்த உறக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"எழுப்பாதீங்க" என்று கிசுகிசுத்து, கால்விரலால் நடந்து வெளியே வந்தார். "நான் பார்த்த பதினோரு கம்பெனியில, ஓய்வறையில ஒருத்தர் நிஜமாவே ஓய்வெடுத்து இங்கதான் பார்க்கறேன்."

கடைசியில் பதிவேடு. என் மேசையில் உட்கார்ந்து மாதம் மாதமாகக் கூட்டினார். கூட்டலில் தவறு செய்யாதவர், நானே சரிபார்த்தேன். பிறகு எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார்.

"சார், ஏழு மாசத்துல மூணு மெஷினுக்கும் சேர்த்துப் பதினாலே புது ஊசி! மத்த இடத்துலெல்லாம் நூத்துக்கணக்குல உடையுது. நிபுணரோட ஆலோசனைக்கு இவ்வளவு பலன் வேற எங்கயும் இல்லை. நீங்க இருபது பெட்டி கேட்டிருக்கீங்க. இந்தக் கணக்குக்கு ஒரு பெட்டியே நாலு வருஷம் வரும். மிச்சத்தை, இன்னும் ஆலோசனை கிடைக்காத கம்பெனிகளுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதறேன்."

எங்களை முன்மாதிரி நிறுவனம் என்று பரிந்துரைப்பதாகவும், இரவு பயணியர் பங்களாவில் அறிக்கையை எழுதி முடித்து, மறுநாள் ஒன்பதரைக்கு ரயிலேறப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரை மணிக்கு ஆபீஸ் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். பிட்டர் முதுகைச் சுவரில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க மேனேஜரே, ஒரு பத்தி உட்டுப் போச்சுன்னு போய்ச் சொல்லிப்போடலாமுங்களா?" என்றார் முதலாளி.

"சொன்னால், பழைய ஊசியை நிறுத்தவில்லை என்றாகும். ஒரு பெட்டியும் வராது" என்றேன்.

"சொல்லாட்டி?"

"ஒரு பெட்டி வரும்."

"ஒரு பெட்டிய வெச்சு ஒரு மெஷினக் கூடக் கட்ட முடியாதேப்பா."

முதலாளி எழுந்து சன்னல்வரை போய்த் திரும்பினார். "அந்த ஆறு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? நல்லாப் பண்ணிப் போட்டீங்க, அதனால ஊசி கெடையாதுன்னா? நேத்துக்கூட ஒருத்தன், வெங்காயத்தாலதான் கண்ணுல தண்ணி வருதுங்கன்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கறான்."

பத்தியை விட்டது நான்தான் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று இலேசாக இருந்திருக்கும்.

பிட்டர்தான் தொண்டையைக் கனைத்தார். "மொதலாளீங்க, ஒன்னு சொல்றனுங்க, திட்டப்படாது. அந்தத் தொரை சொன்னத நாம ஒருநாளாச்சும் செஞ்சமுங்களா?"

"அத்தனையும் செஞ்சாச்சு. கட்டம் பூராக் குறி போட்டுட்டுப் போறாரு."

"ஒம்பதாவது செய்யலீங்களே. நாளைக்கு ஒருநாள் அதச் செஞ்சு பாப்போமுங்க. நான் தட்டிப் போட்ட ஊசிய அத்தனையும் உருவிப்போடறனுங்க. அவரு ரயிலேறு முன்னால வந்து பாக்கட்டும். அவிங்க சொன்னபடியே நடக்கற கம்பெனி எப்படி இருக்குதுன்னு. பழச நிறுத்தியாச்சுன்னா, உட்டுப்போன பத்தியையும் காட்டிப்போடலாமுங்க."

முதலாளி அவரை முறைத்தார். "ஓடற மூணும் நின்னு போகுமேப்பா. பேட்டை ஏவாரிக்கு வெள்ளிக்கெழமை சரக்குத் தாரேன்னு சொல்லிருக்கறேன்."

"ஏவாரி காத்திருப்பாருங்க. வெங்காயம் காத்திருக்காதுங்களே."

"காலையில எத்தன மணிக்கு வருவே?" என்று முதலாளி கேட்டார்.

மறுநாள், புதன்கிழமை, ஆறே காலுக்கு நாங்கள் மூவரும் ஷெட்டில் இருந்தோம். முதல் வேலையாக நானும் முதலாளியும் மூன்று உறைகளையும் கழற்றி மடித்து ஓரமாக வைத்தோம். பிட்டர் மற்ற மூன்று மெஷின்களிலிருந்தும், தம் கையால் நிமிர்த்திய ஊசிகளை ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போட்டார். ஏழு பத்துக்கு முடிந்தது. நவம்பரில் வந்த ஒன்பதாவது ஆலோசனை முழுமையாக நிறைவேறியது. ஆறு மெஷினும் ஓடவில்லை. நான் பழைய பதிவேட்டை, இரண்டு பத்திகள் உள்ளதை, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, அதிகாரியை அழைத்து வரப் பயணியர் பங்களாவுக்குப் புறப்பட்டேன்.