தி. நகர் – அடையாறு: பதினாறு நடைகள்

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எதிர் வீட்டுக் கற்பகம் அக்கா என் கதவைத் தட்டினார். கையில் பால் பாக்கெட் இருந்தது. “மேடம், அவரு எழுந்துக்க மாட்டேங்கறாரு. நீங்க கொஞ்சம் வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தேன். பிறகு வந்த மருத்துவர், தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். குடியிருப்பின் செயலாளர் என்ற முறையில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட வேண்டியது என் வேலை. ‘திரு. நமசிவாயம் இன்று காலமானார்’ என்று எழுதிவிட்டு, எத்தனை மணிக்கு என்று குறிப்பிட முடியாமல் நின்றேன். அது யாருக்கும் தெரியவில்லை. நேரம் குறிக்காமல் ஒரு தாளைக்கூடக் கையைவிட்டு அனுப்பாத மனிதர் அவர்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நமசிவாயம் சார் மாநகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை நடை போக வேண்டும், ஓட்டுநர் எங்கே டீ குடிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்தவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் இருவர் வீடும் ஒரே மாடியில் இருந்தும், பன்னிரண்டு வருடமாகப் படிக்கட்டில் தலையசைத்துக்கொண்டதைத் தவிர அவர் ஓய்வு பெறும்வரை அவரோடு எனக்குப் பழக்கம் இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது. ‘பொருள்: மொட்டைமாடி அறையில் மாதிரி ரயில்பாதை அமைக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.’ உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கும் பொது அறை அது. முதலில் அந்தக் கடிதத்தை நான் விளையாட்டு என்றே நினைத்தேன். பெரியவர்கள் பொம்மை ரயில் ஓட்டுவதில் எனக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை. மறுப்பதற்குப் பதிலாகக் கேள்விகள் கேட்டேன். மின்சாரம் எவ்வளவு? மழைநீர் ஒழுகினால் யார் பொறுப்பு? சங்கத்துக்கு அறை தேவைப்பட்டால் எத்தனை நாளில் காலி செய்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். இப்படியே நான்கு மாதம் போயிற்று. அந்த நான்கு மாதத்தைப் பற்றி இப்போது யோசிக்கிறேன்.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வரைபடத்தோடு வந்தார். வரைபடத்தாள்களை ஒட்டி ஒட்டி எங்கள் சாப்பாட்டு மேசை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். எட்டடிக்கு நாலடிப் பலகை. ஒரு முனையில் தி. நகர், மறுமுனையில் அடையாறு, நடுவில் மயிலாப்பூரும் ராஜா அண்ணாமலைபுரமும். அப்படி ஒரு ரயில் பாதையே கிடையாதே என்றேன்.

“இல்ல மேடம். அதனாலதான் போடறேன்” என்றார். “முப்பது வருஷம் அந்த ரூட்டுக்கு டைம் போட்டேன். ஒரு நாள் கூட போட்ட டைம்ல வண்டி ஓடல. சிக்னல், கல்யாண ஊர்வலம், மழை, எதுனா ஒண்ணு. ஒரே ஒரு நாள், காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், நான் போட்ட டைம்ல ஒரு வண்டி ஓடி பார்க்கணும். அவ்ளோதான்.”

தண்டவாளம் ஒரு துண்டுகூட வாங்கும் முன்பே அட்டவணை தயாராகியிருந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து நாற்பது வரை பதினாறு நடைகள்.

வரைபடத்தை ஒரு வாரம் என்னிடம் விட்டுப்போனார். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். குறை தேடித்தான் பார்த்தேன், கிடைத்தது. இரண்டு முனையிலும் பாதை ஒரு வட்டமடித்து, வந்த வழியிலேயே மீண்டும் சேர்ந்தது. பேருந்து நிலையத்துக்குள் பேருந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறதே, அதே வட்டம். மறுவாரம் அவர் வந்ததும் சிவப்புப் பென்சிலையும் நீலப் பென்சிலையும் கொடுத்தேன். மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகவே போகிறது. இடது தண்டவாளம் ஒரு மின்முனை, வலது இன்னொரு மின்முனை. இடதைச் சிவப்பிலும் வலதை நீலத்திலும் வரைந்துகொண்டே போங்கள் என்றேன். வட்டத்தைச் சுற்றி வந்ததும் சிவப்பு போய் நீலத்தில் முட்டியது. மூன்று முறை வரைந்து பார்த்தார். மூன்று முறையும் முட்டியது.

“ஷார்ட் ஆயிடும், இல்ல?” என்றார். பென்சில்களைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ நெஜ ரயிலு எப்படி மேடம் திரும்புது?” என்றார்.

“திரும்பாது சார்.”

மறுநாள் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையம் வரை போய், நடைமேடையில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார்: “டிரைவரு பையை எடுத்துகினு இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்து போறாரு மேடம். வண்டி அப்படியே நிக்குது. அந்த ரயில இத்தினி வருஷமா பார்த்துகினு கீறேன், அது திரும்பலைன்னு எனக்குத் தோணவே இல்ல.”

பேருந்தே வாழ்க்கையாக இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. வட்டத்தில் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் துண்டித்து ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். அதை நான் அன்று சொல்லவில்லை. சொன்னால் மனு தொடரும் என்பதே காரணம்.

அவர் இரண்டு வட்டங்களையும் அழித்தார். வட்டம் போனதும் நாலடி அகலம் தேவைப்படவில்லை. ஓரடி அகலத்தில் சுவரோரமாக ஒரு நீளப் பலகை போதும் என்று ஆயிற்று. மொட்டைமாடி அறை வேண்டாம் என்று நன்றியோடு எனக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, தம் வீட்டுக் கூடத்துச் சுவரை அளக்கத் தொடங்கினார்.

அங்கே வேறு செயலாளர் இருந்தார். “ஆபீஸ்ல இருந்தவரைக்கும் வீட்டுக்கு டைமுக்கு வந்ததில்ல. இப்போ வீட்டுக்குள்ள டைம் ஆபீஸா?” என்று கற்பகம் அக்கா கேட்டது எங்கள் கூடம் வரை கேட்டது. கல்யாணப் போட்டோவை நகர்த்தக் கூடாது, டிவிக்கு மேலே தூசி விழக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார். அடையாறு முனை சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் முடிந்தது. அட்டவணையில் மூன்றாவது நடைக்குப் பிறகு ‘ஊழியர் தேநீர் – பத்து நிமிடம்’ என்று ஏற்கெனவே இருந்தது. அது தற்செயல் என்று அவர் சத்தியம் செய்தார். அக்கா நம்பவில்லை.

பலகையைப் பொருத்த வந்தவர் கஜேந்திரன், அந்தத் தடத்திலேயே பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டிவாக்கத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வருவார். “இன்னா நைனா, எங்கள ரோட்ல வுட்டு சாவடிச்சிட்டு, நீ மட்டும் ரயில் வுட்றியா?” என்பார். அட்டவணை பற்றி இருவருக்கும் தீராத சண்டை. ஓட்டுநர்கள் நினைத்தால் தாமதத்தைச் சரிக்கட்டலாம் என்பது சாரின் கட்சி. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம் என்பது கஜேந்திரனின் கட்சி.

இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள இரண்டு பெட்டி ரயில் ஒன்று தபாலில் வந்தது. முதல்முறை அது முழுப் பாதையும் ஓடிய அன்று என்னை அழைத்தார்கள். அன்றுதான் சுவிட்ச் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருந்த காரணத்தையும் சொன்னேன். “தெரியும் மேடம். ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரன் அப்பவே சொன்னான்” என்றார். பிறகு ஏன் வட்டத்தை எடுத்தீர்கள் என்று கேட்டேன். “ரயிலு ரயிலாவே ஓடட்டும்னு வுட்டுட்டேன்” என்றார்.

பதினாறு நடையையும் ஒரே நாளில் ஓட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் அக்கா என் கதவைத் தட்டியது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறன்று அக்கா ஒரு தாளோடு வந்தார். முன்பு குறித்திருந்த ஓட்டத்துக்காக சார் தயாரித்து வைத்திருந்த பணித்தாள். ஓட்டுநர்: கஜேந்திரன். நேரக் காப்பாளர்: என் பெயர், பட்டங்களோடு. தேநீர்: கற்பகம். கடைசி வரியில், பயணி: நமசிவாயம், முழு நாள்.

“பலகைய கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி ஓட்டிடலாமா மேடம்?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு கஜேந்திரன் எட்டரைக்கே வந்துவிட்டார். சலவை செய்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஒன்பதுக்கு முதல் நடை கிளம்பியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நிமிடம். முனைக்கு வந்ததும் அவர் எழுந்து பலகையின் அந்தக் கோடிக்கு நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படிச் செய்யத் தேவையில்லை. ரயில் திசை மாற, கையிலிருந்த குமிழைத் திருப்பினால் போதும். நான் நேரத்தைக் குறித்தேன். மூன்றாவது நடை முடிந்ததும் அக்கா டீ கொண்டுவந்தார். டீ சூடாக இருந்தது, கஜேந்திரன் அழுதுகொண்டும் இருந்தார், அதனால் நான்காவது நடை இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அப்படியே எழுதினேன். “எழுது மேடம், எழுது. புடிச்சிர்றேன்” என்றார். ஆறாவது நடைக்குள் பிடித்துவிட்டார்.

பதினாறாவது நடை ஐந்து நாற்பதுக்கு தி. நகர் வந்து நின்றது. அட்டவணையிலும் ஐந்து நாற்பது. நேரக் காப்பாளர் கையொப்பத்துக்கான இடத்தில் கையொப்பமிட்டேன். வராதவர்களின் பெயரை அடித்துவிட வேண்டும் என்று தாளின் அடியில் அவர் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பலகையை இன்னும் கழற்றவில்லை. சார், உங்கள் வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. போய் வாருங்கள்.