அன்னப் படகில் அரை மணி நேரம்

கடக்... கடக்... கடக்...

துருப்பிடித்த பெடலின் சத்தம். கணுக்காலை நனைக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். வெயிலில் காய்ந்த பாசி வாசம். பக்கத்தில், கல்யாணமாகிப் பதினாறே நாளான வீட்டுக்காரர்!

அப்போது அவர் சவுதியில் எலக்ட்ரீசியன். நாற்பது நாள் லீவில் வந்து, பெண் பார்த்து, தாலி கட்டி, விருந்து சுற்றி முடித்தபோது மிச்சம் இருந்தது ஐந்து நாள். எனக்குப் பிறந்த ஊர் இலுப்பூர் பக்கம். வாக்கப்பட்டது திருமயம் பக்கம். வீடு நிறைய உறவுக்காரர்கள். எங்களுக்குள் அதுவரை நடந்த பேச்சை ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம் வராது.

"சாப்டியா?"

"சாப்டேங்க. நீங்க?"

"ம்..."

அவ்வளவுதான்.

ஆனால் நான் அவரிடம் கட்டாயம் பேசியாக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு இன்டர்வியூ போயிருந்தேன். வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி போன் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கும்போது மருமகள் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போவதை அத்தை என்ன நினைப்பாரோ... வாயைத் திறப்பேன். யாராவது அறைக்குள் வருவார்கள். மூடிக்கொள்வேன்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் வீட்டோடு வேன் பிடித்து, கண்மாயை ஒட்டிய அந்தப் பூங்காவுக்குப் போனோம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு டின், விரிக்க ஜமுக்காளம் எல்லாம் ஏறின.

போட் ஹவுஸில் பெரிய படகுகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. கரையில் நின்றது ஒரே ஒரு அன்னப் படகு. இரண்டு பேர்தான் உட்காரலாம். நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் "மாமா, நானு... நானு..." என்று ஓடிவந்தார்கள். நாத்தனார் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"இங்கிட்டு வாங்கடா! மாமாவும் அத்தையும் போயிட்டு வரட்டும்."

அந்த அண்ணியை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தோம். கரை தள்ளிப் போகப் போக, அத்தையின் பேச்சு சத்தம் குறைந்தது. நடுக் கண்மாயில் காற்று மட்டும்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போது, திருப்பும் கம்பி இறுகிக்கொண்டது. படகு தன் பாட்டுக்கு ஒதுங்கிப் போய் ஆகாயத்தாமரைக்குள் சொருகி நின்றது. பெடல் அசையவில்லை.

படகு லேசாக ஆடியது. சட்டென்று அவர் என் கையைப் பிடித்தார். பிடித்தார் என்றா சொல்வது? நெரித்தார்!

"என்னங்க?"

"எனக்கு... நீச்சல் தெரியாது."

வேர்த்து வடிகிறது மனுஷனுக்கு. மீசையை முறுக்கிக்கொண்டு கல்யாண ஆல்பத்தில் நிற்கிற அதே ஆள்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க. எங்க ஊரு கண்மாய அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நீந்துன ஆளு நானு. விழுந்தா தூக்கிருவேன்."

ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். கையை மட்டும் விடவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடகடவென்று சொல்லிவிட்டேன். லேப், வேலை, திங்கட்கிழமை... எல்லாம்.

"இதையா இத்தன நாளா மனசுல வச்சுக்கிட்டு இருந்த?" என்றார். "நான் போனதுக்கப்புறம் நீ தனியா ஒக்காந்து நாள எண்ணிக்கிட்டு இருப்பியேன்னுதான் எனக்குத் தூக்கமே வரல. போ. தாராளமா போ."

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார் பாருங்கள்... ரூமில் ஆறு பேர் படுப்பது, முதன்முதலாகச் சமைத்துக் கருக வைத்த சாம்பார், லீவு முடிந்து சவுதிக்குத் திரும்பும் நாளில் ஏர்போர்ட் பாத்ரூமில் போய் அழுவது. பதினாறு நாள் பேசாததை எல்லாம் அந்தப் பாசிக்கு நடுவில் பேசித் தீர்த்தோம். கரையில் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் காதில் விழவில்லை.

கடைசியில் போட் ஹவுஸ் அண்ணன் ஒருவர் துடுப்புப் படகில் வந்து, கயிறு கட்டி எங்களை இழுத்துப் போனார். கரையில் மொத்தக் குடும்பமும் நின்று கை தட்டியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்புட்டு நேரமா நடுத் தண்ணியில என்னடா பண்ணுனீங்க?"

அவர் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார். "அம்மா, நாளைக்கு இவ புதுக்கோட்டையில வேலைக்குச் சேரப் போறா."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதச் சொல்லத்தான் போட்டுல ஏறிப் போனீங்களா? வீட்டுல சொன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? காலையில எட்டு மணி பஸ்ஸு கூட்டமா வரும்த்தா. ஏழரை பஸ்ஸப் பிடி."

அன்றைக்குச் சாப்பிட்ட புளிச்சோறு மாதிரி அப்புறம் நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். திருமயத்தில் எலக்ட்ரிக்கல் கடை. நான் அதே லேபில் சீனியர். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இருந்தாலும் பகல் முழுக்க அவர் கடையில், நான் லேபில்... பேச வேண்டியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். "கேஸ் வந்துச்சா?" "வந்துச்சு."

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். கண்மாயைச் சுத்தமாக்கி வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டுக்குப் போனைக் காட்டினால் போதும். மகள் கேட்டாளே என்று மோட்டார் போட்டில் ஏறினோம். விர்ரென்று ஒரு சுற்று. எங்கேயும் நிற்கவில்லை, சிக்கவில்லை. மகளுக்கு ஒரே குஷி.

கரையில் கால் வைத்தவர், திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"சே... அதுக்குள்ள கரை வந்துருச்சே" என்றார்.