மௌன மடத்தின் தலைவி

நாங்கள் மன்னாரிலிருந்து லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் எனக்காகப் பேசியவள் பெரியப்பாவின் மகள். என்னைவிடச் சில மாதங்களே மூத்தவள், ஆனாலும் அக்கா. இங்கேயே பிறந்தவள், என் வகுப்பிலேயே படித்தாள். டீச்சர் என்னை எது கேட்டாலும் நான் அக்காவைப் பார்ப்பேன், அக்கா பதில் சொல்வாள். மன்னாரில் வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு இந்தக் கதி. கேக் வேண்டுமா என்று எனக்குக் கேள்வி வந்தால், அவளுக்கு வேண்டாமாம் என்று தானே முடிவு சொல்லிவிட்டு என் பங்கையும் அக்கா சாப்பிட்ட நாட்கள் உண்டு.

ஈஸ்டருக்குள் நான் வாய் திறக்காவிட்டால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இறக்கிவிடுவார்களாம். அந்தச் செய்தியையும் அக்காதான் கொண்டுவந்தாள்.

அப்போதுதான் வரலாற்றுப் பாடத்தில் கன்னியர் மடம் வந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு எங்கள் பக்கத்து ஆற்றங்கரையிலேயே அப்படியொரு மடம் இருந்ததாம். கன்னியர்கள் நடுச்சாமத்தில் எழுந்து செபம் பாடுவார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு சொல் பேசமாட்டார்கள். ஒருவர் புனிதர் சரித்திரம் வாசிக்க, மற்றவர்கள் சைகையால் வேண்டியதைக் கேட்பார்கள். மீனுக்குக் கையை வால்போல ஆட்ட வேண்டும். பாலுக்குச் சின்னவிரலைப் பிடித்துக் கறப்பதுபோல இழுக்க வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். அன்று நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மண்டபத்தில் வகுப்பு முழுவதும் மடமாவதாக ஏற்பாடு. பொடியன்களுக்கும் முக்காடு உண்டு. மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த அம்மா, கட்டில் விரிப்பைக் கிழித்து என் தலையில் முக்காடாக வைத்து ஊசி குத்தினார்.

"ஆடாமல் நில். ஒரு மயிர் வெளியில தெரியக்கூடாது."

விதி எளிது. பேசியவர் எழுந்துபோய்க் கோப்பை கழுவ வேண்டும். கடைசிவரை பேசாதிருப்பவர் மடத் தலைவி. தலைவி மணியடித்து ஏதாவது சொன்ன பிறகே மற்றவர்கள் பேசலாம்.

டீச்சர் வாசிக்கத் தொடங்கினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒருவன் மன்னிப்புக் கேட்டான், போனான். சிரித்தவர்கள் போனார்கள். முக்காட்டில் உருளைக்கிழங்கு விழுந்ததும் அக்கா பக்கத்துப் பிள்ளையை ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டே போனாள். கடைசியில் நானும் நெட்டையான ஒரு பொடியனும் மட்டும் எதிரெதிரே இருந்தோம். கடுகுக் கூழ்ப் போத்தல் அவன் பக்கம். அதற்கும் கன்னியர்கள் ஒரு சைகை வைத்திருந்தார்கள்: மூக்கை மடக்கிய கைமுட்டிக்குள் செருகித் தேய்ப்பது. நான் மிகுந்த பக்தியோடு தேய்த்தேன். அவன் முகம் சிவந்தது, தோள் குலுங்கியது. பிறகு என்னவோ கத்திக்கொண்டு மேசையில் கவிழ்ந்தான்.

டீச்சர் என் கழுத்தில் மரச்சிலுவையை மாட்டி, கையில் மணியைக் கொடுத்தார். மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லும் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டன. டீச்சர் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஈரக்கையோடு நின்ற அக்கா, மாட்டேன் என்று தலையாட்டினாள்.

நான் மணியை ஓங்கி அடித்தேன்.

"கதையுங்கோ!"

மண்டபம் வெடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள். பேசுங்கள் என்பதற்கு ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உரக்கச் சொன்ன முதற் சொல் தமிழ்ச்சொல். அத்தனை பேரும் அதற்குக் கீழ்ப்படிந்தார்கள். பின்னேரம் முழுவதும் என்னைக் கண்டவர்கள் குனிந்து வணங்கினார்கள், டீச்சர் உட்பட. கடுகுக் கூழுக்கு ஆங்கிலம் மஸ்டர்ட் என்று நெட்டையன் எனக்குச் சொல்லித் தந்தான். அடுத்த கிழமை கேக் வேண்டுமென்று நானே கேட்டேன், இரண்டு துண்டாக. சின்ன வகுப்புக்கு என்னை யாரும் அனுப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னைவிட அக்காதான் துள்ளினாள். தோற்றவளுக்கு ஏன் இத்தனை குதூகலம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வாசலில் பெரியம்மா கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றா.

"கெதியா வா பிள்ளை. டொக்டர் சொல்லுறதை எனக்கு ஆர் சொல்லுறது?"

பெரியம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. பிற்பாடு அது சுகமாகிவிட்டது. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் டொக்டரின் சொற்களைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அந்த ஒன்பது வயதுக்காரிதான்.

அக்கா கழற்றிய முக்காட்டை மறுபடியும் தலையில் இழுத்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்து, மாட்டேன் என்று தலையாட்டினாள். பெரியம்மா சிரித்துக்கொண்டே அவளை இழுத்துப் போனா. அவள் இன்னும் விளையாடுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்; போட்டி முடிந்தது, தலைவி நான்தான் என்று பின்னாலிருந்து மணியடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன்.