பதினைந்தாவது கட்டத்தோடு நிறுத்தியவர்

காலை எட்டேகால் இருக்கும். அரியலூரில் என் ஸ்டுடியோவைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, டீக்குச் சொல்லியிருந்தேன். நம் பக்கத்துப் பாட்டுக்காரர்களும் மைக்செட்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மைக்செட் குமார் எழுதியிருந்தான்: "நம்ம பதினஞ்சு அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக். சாயந்திரம் நாலு மணிக்கு வரதராஜன்பேட்டையில அடக்கம்."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா' என்றுதான் வந்தது. இனி என் பாட்டைக் கேட்டுவிட்டு எவனும், "இதையே அக்கா பண்ணியிருந்தா..." என்று இழுக்கமாட்டான் என்று நினைத்தேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அடுத்த நொடியே தோன்றியது. டீ வந்தது. அப்படியே ஆறிப்போனது.

பதினஞ்சு அக்கா என்கிற பிலோமினாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வீடியோ கடையில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தவர். சினிமாப் பாட்டைப் போட்டால் வீடியோவை இணையத்தில் முடக்கிவிடுகிறார்கள் என்று, பின்னணி இசையைத் தானே செய்யப் பழகினார். கீபோர்டில் இரண்டு கையை வைத்து நாலு நொடி வாசிக்க வராது. கேட்டால், "வாசிக்கத் தெரியாதுங்க சார், கட்டம் போடத்தான் தெரியும்" என்பார். நானோ கீபோர்டில் எட்டு கிரேடு பரீட்சையும் முடித்தவன். சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, ஒரே ஒரு மவுஸை வைத்துக்கொண்டு எட்டு வருடம் வயிற்றெரிச்சலைக் கொடுத்தவர் அவர்.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கட்டம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாட்டு செய்யும் மென்பொருளில் ஒரு ஓசையை நீட்டிப் பிடித்தால், அது கிரைண்டர் ஓடுவது மாதிரி ஒரே சீராக நிற்கும். அதற்கு அசைவு கொடுக்கத் திரையின் அடியில் பதினாறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி. குச்சியை மவுஸால் மேலே இழுத்தால் அந்த இடத்தில் ஓசை திறந்து பளிச்சென்று கேட்கும். கீழே இழுத்தால் மூடிக்கொண்டு மங்கும். பாட்டு ஓட ஓட ஓசை இந்தக் கட்டங்களின் மேல் ஏறி இறங்கிப் போகும். கடைசிக் கட்டம் முடிந்தால் மறுபடி முதல் கட்டம். கட்டங்களைக் கூட்டலாம், குறைக்கலாம்; ஆனால் தாளமும் பதினாறில் முடிகிறது என்பதால் நாம் எல்லாரும் பதினாறே வைப்போம்.

அவர் முதல்முதலாக என் ஸ்டுடியோவுக்கு வந்தது நான் இசை போட்டிருந்த ஒரு மாதா பாட்டுக்குக் குரல் பதிய, பாடுகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு. ஓரமாக நின்று என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பன்னெண்டாவது கட்டத்தை மட்டும் கீழ இழுத்துப் பாக்கட்டுங்களா?" என்றார். இழுத்தார். அடிவரைக்கும். அவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. பாட வந்திருந்த பெண், "ஐயோ, நல்லாருக்கே!" என்று கத்திவிட்டாள். "ஒரு கட்டம் சும்மா இருந்தாத்தான் சார் மத்த கட்டம் பேசறது கேக்கும்" என்ற பிலோமினா, என் பக்கம் திரும்பி, "நல்லா இருக்குங்களா சார்?" என்று கேட்டார்.

"பரவால்ல" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டுகளைப் போட்டுக் காட்டி அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அத்தனைக்கும் என் பதில் அந்த ஒரு சொல்தான். அவர் கிளம்பிப் போனதும் அதே பாட்டை மூன்று முறை, நான்கு முறை கேட்பேன்.

இப்போது சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியையே எழுத உட்கார்ந்தேன்.

கல்லங்குறிச்சித் திருவிழாவுக்கு வழியில் மைக்கில் போட ஒரு பெருமாள் பாட்டு வேண்டும் என்று குமார் கேட்டான். என்னிடம் இல்லை, பிலோமினாவிடம். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணிடம் போய்ப் பெருமாள் பாட்டா என்று நான் முறுக்கிக்கொண்டேன். அவரோ, "சாமி யாரா இருந்தா என்னங்க சார், கேக்கறது மனுசன் காதுதானே" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். பாட்டை முடித்து, கடைசி மிக்ஸிங்குக்கு என்னிடம் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினார். என்னிடம்தான் நல்ல ஸ்பீக்கர் இருந்தது.

ஃபைலைத் திறந்தேன். பின்னால் ஓடும் தம்புரா மாதிரியான ஓசையின் கட்டங்களை எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்தேதான். எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எட்டு கிரேடு சும்மாவா? மாட்டினாயா என்று தொடையைத் தட்டிக்கொண்டு, பதினாறாவது கட்டத்தைச் சேர்த்து, அதில் ஒரு குச்சியையும் நட்டு, பாட்டை அனுப்பிவிட்டேன். அன்றைக்கே டீக்கடையில் குமாரிடமும் இன்னும் நாலு பேரிடமும், "உங்க அக்கா பதினஞ்சுல நிறுத்திட்டாங்கடா. பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியல போல" என்றேன். கடையே சிரித்தது. 'பதினஞ்சு அக்கா' அங்கே பிறந்ததுதான். பெற்றவன் நான்.

திருவிழாவில் பாட்டு எடுபடவில்லை. இரண்டு தடவை கேட்டவன் மூன்றாவது தடவை, "மாத்துப்பா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் குமாரின் ஸ்பீக்கரைக் குறை சொன்னேன். மறுநாள் பிலோமினா போன் செய்தார்.

"சார், பதினாறு ஆக்கிட்டீங்களா?"

"ஆமா. தப்பா இருந்துச்சு, சரி பண்ணேன்."

மெதுவாகச் சொன்னார்: "தப்பு இல்லீங்க சார். தாளம் பதினாறு, இது பதினஞ்சு. அப்ப தாளத்தோட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கட்டம் தள்ளித் தள்ளி விழும். பழைய எடத்துக்கு வந்து சேர பதினஞ்சு சுத்து ஆவும். ஒரே பாட்டத்தான திருவிழா முடியற வரைக்கும் போடுவாங்க? கேக்கறவங்களுக்கு அலுக்கக்கூடாதுன்னு அப்படி வச்சேன்."

என் கிரேடு எதுவும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஓ, அப்படியா" என்று போனை வைத்தேன். பாட்டைக் கெடுத்தது யார் என்று அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதோடு விட்டேனா? பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்குப் பாட்டு செய்தபோது, சத்தம் காட்டாமல் பதினைந்து கட்டம் வைத்தேன். அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டு எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், பாட்டுக்குள்ள என்னமோ ஊருது சார், எப்படி சார் புடிச்சீங்க?" என்றான் குமார். "எல்லாம் அனுபவம்தான்டா" என்றேன். வீடியோ எடுக்க வந்திருந்த பிலோமினா நாலடி தள்ளி நின்றிருந்தார். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் கிட்டே வந்து, "ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றார். குத்தலே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டு முடித்ததும் அவர் கணவர் ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பதினஞ்சுங்கற பேரு அவளுக்கு உசுரு சார். 'நான் கண்டுபுடிச்சதையே எனக்குப் பேரா வச்சது சார்தான், அவரு ஒருத்தருக்குத்தான் அது புரிஞ்சுது'ன்னு வூட்ல சொல்லிக்கிட்டே இருப்பா. கம்ப்யூட்டர்ல அவ பாட்டு எல்லாத்துலயும் அந்தப் பேருதான் சார் போட்டுருக்கா."

அது கிண்டல் என்று நிஜமாகவே பிலோமினாவுக்குத் தெரியாதா, தெரிந்தும் வீட்டில் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாரா? இனி கேட்க முடியாது. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதிவிட்டேன். குழு நண்பர்களே, அந்தப் பெயர் கிண்டலாக வந்தது. எண்ணத் தெரியாதவன் நான்தான். பெரம்பலூர் பாட்டில் நீங்கள் பாராட்டியதும் அவர் சரக்கு. ஆரோக்கியசாமி இதைப் படிப்பார், இனி என் கையைப் பிடிப்பாரோ மாட்டாரோ தெரியாது. ஆனால் பெயரை மாற்றாதீர்கள். அவர் அதை எந்த அர்த்தத்தில் வைத்துக்கொண்டாரோ அந்த அர்த்தத்திலேயே கூப்பிடுங்கள்.

அவருடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் கல்லங்குறிச்சி ஃபைல்தான். நேற்று மத்தியானம் அதைத் திறந்து, நான் நட்ட பதினாறாவது கட்டத்தை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். விரல் கணுவைத் தொட்டுச் சுற்றுகளை எண்ணினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓசை திறக்கும் இடம், ஒரு வெளிச்சம் மாதிரி, பாட்டின் வேறு வேறு சொல்லின் மேல் விழுந்தது. பதினைந்து சுற்று முடிந்ததும், எங்கும் போகாதது மாதிரி பழைய இடத்தில் வந்து நின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்த பிறகும் விடமாட்டேன் என்கிறாரே என்று கோபமாகக்கூட வந்தது. அழுதுவிட்டேன்.

எட்டு வருடமாக நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்கிறேன், பிலோமினா. பரவால்ல இல்லை. நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு.